பட்டியலின் கடைசி வீடு

ஒரு பெண்ணின் வேலையைக் கெடுத்தவன் நான். வேண்டுமென்று அல்ல... பயத்தில்! ஆனால் பயந்தவன் செய்தால் மட்டும் கெட்டது நல்லதாகிவிடுமா? நீங்களே சொல்லுங்கள்.

காட்டுப்பாக்கத்தில் ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனியில் லைன்மேன் நான். படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. ஒருநாள் ஓனர் கம்ப்யூட்டரில் எங்கள் ஏரியா வீடுகளை வரிசையாகக் காட்டினார். நெரிசல் நேரத்தில் மேலே இருக்கும் வீட்டுக்கு நெட் முதலில் போகுமாம். கீழே இருப்பது காத்திருக்குமாம். அந்த வரிசையை மாற்றி அடுக்கும் வேலையை என்னிடம் விட்டார்.

எனக்கு மெய்சிலிர்த்தது. மயிரளவு கண்ணாடி இழை... அதற்குள் தெருத்தெருவாகப் பேச்சு, பாட்டு, அழுகை, கடல் தாண்டி வரும் முகங்கள், எல்லாம் வெளிச்சமாய் ஓடுகின்றன! அதில் எது முந்துவது என்று என் விரல் சொல்கிறது. என் விரல்!

ஆனால் போன் அடித்தாலே எனக்குப் பயம். அடுக்குமாடியில் ஐ.டி. வேலைக்காரர் ஒருவர், "மீட்டிங்ல நான் வாயத் திறந்தா கட் ஆகுது. நீ அங்க தூங்குறியா?" என்று கத்துவார். உடனே அவரை மேலே ஏற்றுவேன். அவரைவிடப் பெரிதாகக் கத்துகிறவர் அவருக்கும் மேலே. ஒருநாளும் கத்தாத ஸ்டெல்லா அக்கா வீடு மெல்ல மெல்லக் கடைசிக்குப் போயிற்று.

அக்காவின் மகள் பி.காம். படித்தவள். பெரிய கம்பெனி ஒன்று கடைசிச் சுற்று நேர்காணலுக்கு வீடியோவில் அழைத்திருந்தது. திங்கட்கிழமை காலை... தெருவே மீட்டிங்கில் இருக்கும் நேரம். மூன்றாவது கேள்வியில் படம் நின்றது. மறுபடி அவர்கள் கூப்பிடவே இல்லை.

நான் அக்கா வீட்டுக்குப் போய் ஒயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், கோளாறு அங்கே இல்லை என்று தெரிந்துகொண்டே! மகள் நேர்காணலுக்குக் கட்டிய சேலையை மாற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"உன்ன இன்னா சொல்றது நைனா, எங்க லேப்டாப்பு பழசு. வெயில்ல வந்துகினு கீற, மோர் குடி" என்றார் அக்கா.

குடித்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

அன்றே அந்த வீட்டை முதல் இடத்தில் வைத்தேன். எதற்கு? இனி யார் அழைக்கப்போகிறார்கள் என்று?

அவள் இப்போது செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு குடோனில் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறாள். போன வாரம் அக்கா போன் செய்தார்.

"லைன எடுத்துடு நைனா. ஊட்ல யாரு கீறாங்க பாக்குறதுக்கு?"

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்...

"சரிக்கா" என்றேன்.

முதல் இடத்திலிருந்த அக்கா பெயரை அழித்தேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. கீழிருந்த வீடுகளெல்லாம் ஒவ்வொரு படி மேலே ஏறின. எத்தனை அழகாக ஏறின தெரியுமா! கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.