எலுமிச்சை வாசனை அடிக்கும் சட்டை

எலுமிச்சைத் தோலும் ஆப்பச் சோடாவும் வெந்நீரில் கொதிக்கும் வாசனை என்னை எங்கள் குப்பத்து வீட்டுக்கே இழுத்துக்கொண்டு போய்விடும். இன்று காலை அடையாறு ஃப்ளாட்டில், கணவரின் வெள்ளைச் சட்டைக்காக அடுப்பில் வெந்நீர் வைத்து எலுமிச்சைத் தோலைப் போட்டேன். அவ்வளவுதான், அப்படியே நின்றுவிட்டேன்.

நைனா கடலுக்குப் போய்த் திரும்பாத வாரம் அது. கட்டுமரம் மட்டும் கரை ஒதுங்கியது. அம்மா அழவில்லை. மாதா கோயில் பூசைக்கு அவர் போட்டுப்போகும் வெள்ளைச் சட்டையை எடுத்துக் கொதிக்கும் நீரில் அமுக்கினாள். வீட்டில் இருந்த அவருடைய சட்டை அது ஒன்றுதான். காலரில் வியர்வையும் தலையெண்ணெயும் மஞ்சளாகப் படிந்திருந்தன.

"இன்னாடி பண்ணிக்கினு கீற?" என்றாள் நைனாவின் அக்கா, மேரி அத்தை.

"ஞாயித்துக்கெழம சட்ட எங்கன்னு கத்துவாரு அண்ணி."

தேய்த்துத் தேய்த்து, நீலம் போட்டு அலசிக் காயவைத்தாள். பார்த்தால் கண் கூசியது.

உடம்பு கிடைக்கவே இல்லை. அப்படிப் போனவர்களுக்கு அவர்கள் உடுத்திய துணியைப் பெட்டியில் வைத்துப் புதைப்பது எங்கள் குடும்பத்து வழக்கம். அத்தைதான் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்துவந்தாள்.

"ஒருவாட்டி மோந்து பாத்துட்டுக் குடுடி."

அம்மா காலரில் முகம் புதைத்தாள். பிறகு அக்குள், கை மடிப்பு, பை என்று புரட்டிப் புரட்டி மோந்தாள்.

"எலுமிச்சம்பழ வாசனதான் வருது அண்ணி. அவரு இல்லவே இல்ல."

அப்போதுதான் அழுதாள்.

"சட்டையத் தொவைக்கலையா?" என்று என் கணவர் உள்ளிருந்து கேட்டார். நான் அடுப்பை அணைத்துவிட்டு, துவைக்காத சட்டையை எடுத்துப்போய் நீட்டினேன்.

"இன்னிக்கு இதையே போட்டுக்குங்க" என்றேன்.