இரண்டு முறை திரும்பினால்

தென்காசியில் நான் எட்டாம் வகுப்பு படித்த வருஷம், அல்ஜீப்ரா என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டே விரட்டப் பார்த்தது. காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் தேறாவிட்டால் படித்தது போதும் என்று அப்பா சொல்லிவிட்டார். அவர் சொன்னதைச் செய்வார் என்பதற்கு வீட்டிலேயே அத்தாட்சி இருந்தது. பெரியவளானதும் ஏழாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட என் அக்கா.

மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ். வாத்தியார் நெட்டுருப் போடச் சொன்னார். போட்டேன், காலையில் இருந்தது சாயங்காலம் இருக்காது.

"ஏன் அப்படி வருது?" என்று அக்கா கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் வைத்த குழம்பில் உப்பு சரியாக இல்லை.

பிறகு ஒரு நாள், குற்றாலத்துச் சாரல் எங்கள் முற்றத்தையும் நனைத்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக்குள், முன்கூடமான பட்டாசலில் கோலப்பொடியால் பாண்டிக் கட்டம் போட்டாள். ஒரே நீள வரிசை. நடுவில் சுழி, வாசல் பக்கம் பிளஸ், அடுப்படிப் பக்கம் மைனஸ்.

"சுழியில வாசலப் பாத்து நில்லுட்டி. ஒவ்வொரு மைனஸுக்கும் ஒருதரம் திரும்பு. பொறவு குதி."

மைனஸ் இரண்டை மைனஸ் மூன்றால் பெருக்கச் சொன்னாள். அடுப்படிப் பக்கம் திரும்பினேன். மறுபடியும் திரும்பினேன்; வாசல் எதிரே இருந்தது. இரண்டிரண்டு கட்டமாக மூன்று தாவல். பிளஸ் ஆறு!

அக்காவும் பாவாடையைத் தூக்கிச் செருகினாள்.

"ஏட்டி, குமரிப்பிள்ள இப்படியா குதிப்பா? ஓடு ஒடஞ்சிரப்போவுது!" என்று அம்மா அடுப்படியிலிருந்து சத்தம் போட்டாள்.

"ஓடு கூரையிலல்லா இருக்கும்மா. நாங்க கீழதான குதிக்கோம்."

பரீட்சையில் அதே மாதிரிக் கணக்கு வந்தது. பெஞ்சை விட்டு எழுந்து திரும்பினேன். மேற்பார்வைக்கு நின்ற சார் என் தாளைப் பிடுங்கிக்கொண்டார்.

"பின்னால யாரு பேப்பரப் பாக்கே?"

"பாக்கல சார். மைனஸுக்குத் திரும்புனேன். இன்னொரு மைனஸ் பாக்கி இருக்கு."

அழுதுகொண்டே அதையும் திரும்பிக் காட்டினேன். வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. விரலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு தாளைக் கொடுத்தார்.

"மிச்சத்த உக்காந்துக்கிட்டே திரும்பு."

தேறினேன். அப்பா "சரி, போகட்டும்" என்றார். அதற்குப் பின் நான் படித்தது, வேலைக்குப் போனது எல்லாமே அந்தக் கோலப்பொடி வரிசையில் தொடங்கியவை. நன்றி என்று அக்காவிடம் சொன்னால் இன்றும் பேச்சை மாற்றிவிடுவாள்.

மார்க் வந்த அன்று வீட்டுக்கு ஓடினேன். அக்கா மார்க்கைக் கேட்கவில்லை. மாவுக் கையோடு என் பையை வாங்கிக்கொண்டு, "அடுத்த பாடம் என்ன நடத்துனாவ?" என்றாள்.

அடுத்த விளையாட்டுக்குத்தான் இத்தனை அவசரப்படுகிறாள் என்று அன்று நினைத்தேன். முதலில் காப்பி கொடு என்றேன்.