தேவகி அழித்த பொட்டு

பழவேற்காட்டு டச்சுக் கல்லறையில் சினிமாக்காரர்கள் படம் பிடிக்க வந்தபோது, வேடிக்கை பார்க்கப் போன தேவகியைக் கூப்பிட்டு அழச் சொன்னார்கள். காய்ச்சலில் போன தன் முதல் பிள்ளையை நினைத்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகை அவளைக் கோடம்பாக்கம் வரைக்கும் கொண்டுபோய்விட்டது. கதாநாயகியாக இல்லை, புருஷனை இழந்தவளாக, பிள்ளையைப் பறிகொடுத்தவளாக. பெயர் திரையில் வராது. முகம் மட்டும் வரும்.

அவள் ஊரான லைட்ஹவுஸ் குப்பத்தில் புருஷன் கடலில் இருக்கும்போது பெண்கள் வெறும் நெற்றியோடு இருக்கமாட்டார்கள். தேவகியும் அப்படித்தான். ஆனால் ஒரு படத்தில் அவள் பொட்டை அழித்து, வளையலை உடைத்தாள். சொந்தத் தாலியை ரவிக்கைக்குள் செருகிவைத்துக்கொண்டு, கம்பெனி கொடுத்த மஞ்சள் கயிற்றைத்தான் அறுத்தாள். பொன்னேரிக் கொட்டகையில் படம் பார்த்த குப்பத்துப் பெண்களுக்கு அது எப்படித் தெரியும்? பேச்சு கரை முழுக்கப் பரவியது. மறுநாள் கூட்டாளிகள் அவள் புருஷன் நீலமேகத்தைப் படகில் ஏற்றவில்லை.

“பொண்டாட்டி பொட்டை அழிச்சவன்கூட எப்பிட்றா கடலுக்குப் போறது? நீயும் போய் அவகூட நடி நைனா,” என்று சிரித்தார்கள்.

அதன்பின் எந்தப் படகும் அவனைச் சேர்க்கவில்லை. கரையில் உட்கார்ந்து அடுத்தவர் வலையைத் தைத்தான். தேவகியின் சம்பாத்தியத்தில்தான் அடுப்பு எரிந்தது. அதனாலேயே அவளால் நடிப்பை விட முடியவில்லை. மகள் ருக்குவை நீலமேகத்தின் அக்கா நாகம்மாள் வளர்த்தாள். தேவகி ஊருக்கு வரும்போதெல்லாம் குழந்தை அத்தையின் முந்தானைக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும்.

ருக்குவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை கோட்டைக்குப்பம், கடல்தொழில். தேவகிக்கு ஒரே ஒரு ஆசைதான்: நலங்கில் மகள் கன்னத்தில் தன் கையால் மஞ்சள் பூசவேண்டும். சுமங்கலிகள் வரிசையில் கடைசியாகப் போய் நின்றாள். அவள் முறை வந்தபோது நாகம்மாள் மஞ்சள் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“நீ வேணாம் தேவகி. தப்பா நெனைக்காத.”

“ஏன் அண்ணி?”

“ஊருக்கே தெரியும். எத்தினி வாட்டி அறுத்த நீ?”

வாசலில் இருந்த நீலமேகம் எழுந்து வந்தான். “இன்னாக்கா பேசுற? நான் உசுரோட கல்லாட்டம் நிக்கிறேன். என் பொண்டாட்டி வெக்கக்கூடாதா?”

நாகம்மாள் கிண்ணத்தை நீட்டினாள். தேவகி மஞ்சளை விரலில் தொட்டாள். மணையில் இருந்த ருக்கு முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“வேணாம்மா,” என்றாள் மெதுவாக. “அவரு கடலுக்குப் போறவரு.”

தேவகிக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பயம் அவளுக்குத் தெரிந்ததுதான். நீலமேகம் கரை திரும்பும்வரை நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தவள்தானே அவளும். விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு நகர்ந்தாள்.

“படத்துல அப்பிடி அழுவா. இங்க ஒரு சொட்டு வருதா பாரு,” என்றாள் பக்கத்து வீட்டு ஜெயம்மா.

பந்தி முடிந்ததும் தேவகி புருஷன் பக்கத்தில் மணலில் போய் உட்கார்ந்தாள்.

“அடுத்த வாரம் ஷூட்டிங் கீதா?” என்று கேட்டான்.

“கீது.”

“இன்னா வேஷம்?”

அவள் நெற்றிப் பொட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.