வாய் வரைக்கும் ஊற்றிய டம்ளர்

"...பாட்டில் வேணாம் மாமு, டம்ளர்ல ஊத்து. வாய் வரைக்கும் ஊத்து" என்றான் என் கேரம் ஜோடி. ராயபுரத்தில் எங்கள் மன்றத்துப் போட்டி அப்போதுதான் முடிந்திருந்தது.

இருபது வருஷமாக எனக்கு எதிரே உட்கார்ந்து ஆடுகிறவன். போன வருஷம் அவன் வலது கை நடுங்க ஆரம்பித்தது. வேடிக்கை என்னவென்றால், காயை அடிக்கும்போது நடுங்காது. எதிராளியின் முறை வரும்போது, பலகை ஓரத்தில் சும்மா கிடக்கும் கைதான் ஆடும். காய்கள் அதிரும்.

"இன்னா, காலைலயே ஊத்திக்கினு வந்துட்டியா?" என்பார்கள். சொட்டுக்கூடத் தொடாதவன். கையைத் தொடைக்கு அடியில் வைத்து நசுக்கிக்கொண்டு உட்காருவான். நாங்கள் மட்டும் என்ன, நரம்புத் தளர்ச்சி என்று லேகியம் வாங்கிக் கொடுத்தவர்கள்தானே. கடைசியில் மன்றத்தில், வேறு ஜோடி பார்த்துக்கொள் என்று என்னிடமே சொல்லிவிட்டார்கள். இந்த ஒரு போட்டி மட்டும் என்று கெஞ்சி வாங்கினேன்.

நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். இது பார்க்கின்சன் நோய் என்றார். மூளையில் டோபமைன் குறைந்தால் அசிடைல்கோலின் என்கிற இன்னொரு சமாச்சாரத்தின் கை ஓங்கிவிடுமாம். அவர் எழுதிக் கொடுத்த மாத்திரை அதை அடக்கி வைக்குமாம். "நோய் போவாது. நடுக்கம் கொறையும். நடை மந்தமாவறதுக்கு இது அவ்வளவா கேக்காது. வயசானவங்களுக்கு ஞாபகம் குழம்பும்னு குடுக்க யோசிப்போம், உங்களுக்கு இன்னும் அம்பது ஆவலியே. வாய் காயும். நீங்களா நிறுத்திடாதீங்க."

கொஞ்சமாக ஆரம்பித்து மெல்ல ஏற்றினார். சில வாரத்தில் கை அடங்கியது. வாயும் சொன்னபடியே காய்ந்தது.

போட்டியன்று இடது கையில் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டே ஆடினான். எதிரணிக்காரன் விடவில்லை. "தொண்ட காஞ்சிக்கினே கீதே நைனா, பயமா?"

"மாத்திரப்பா" என்றான் இவன்.

அவர்கள் அடிக்கும்போதெல்லாம் நான் பலகையைத்தான் பார்த்தேன். ஓரத்தில் இவன் கை கிடந்தது. ஒரு காய்கூட அசையவில்லை. கடைசியில் சிவப்பைக் குழியில் தள்ளினான். பின்னாலேயே எங்கள் மிச்சக் காயும் போய் விழுந்தது. மன்றத்துக்காரர்கள் மேசையைத் தட்டினார்கள்.

அப்போதுதான் டம்ளர் கேட்டான். தளும்பத் தளும்ப ஊற்றிக் கொடுத்தேன். வலது கையால் வாங்கினான். அந்த எதிரணிக்காரன் முன்னால் போய் நின்று, சட்டை நனையாமல், முழுவதையும் குடித்தான்.