கேட்டம்மா காவல் காத்த வாசல்

போன மாதம் என் அம்மா இறந்தபோது துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப்பேர் அவளிடம் திட்டு வாங்கியவர்கள். "என்னை ஒரு மணி நேரம் வெளியில நிக்க வெச்சாங்க" என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். அழுகையில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இருபத்தெட்டு வருடம் அம்மா ஓர் ஆஸ்பத்திரியின் உள்வாசலில் நின்றாள். தன் டாக்டரின் பெயர் தெரியாத நோயாளிகள் உண்டு. அம்மாவைத் தெரியாத சொந்தக்காரர்கள் கிடையாது. கேட்டில் நிற்பதால் எல்லோருக்கும் அவள் கேட்டம்மா. முதுகுக்குப் பின்னால் வேறு பெயர்களும் இருந்தன. அவற்றை அச்சில் ஏற்ற முடியாது.

வேலை இதுதான். பார்வை நேரம் மாலை நாலிலிருந்து ஆறு. ஒரு கட்டிலுக்கு இரண்டு தகர வில்லைகள், கட்டில் எண் பொறித்தவை. வில்லை வைத்திருப்பவர் உள்ளே போகலாம். மூன்றாவது ஆள் போக வேண்டுமானால் முதலில் போனவர் வெளியே வந்து வில்லையைக் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. கேட்கச் சுலபமாக இருக்கும். ஒரு நோயாளிக்குப் பதினாறு சொந்தம் வந்து, பதினாறும் "நான்தான் ரொம்ப நெருக்கம்" என்று நின்றால் அப்போது தெரியும்.

பிள்ளைகளின் வயதுதான் பெரிய தலைவலி. பிறப்புச் சான்றிதழை யாரும் பையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. "பன்னெண்டு முடிஞ்சுடுச்சும்மா, வளர்த்திதான் கம்மி" என்று பெற்றவர்கள் கூசாமல் புளுகுவார்கள். அதற்கு அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். பிள்ளையை நேராகப் பார்த்து, "ஏழெட்டு எவ்வளவு?" என்பாள். ஐம்பத்தாறு என்று பட்டென்று வந்தால் உள்ளே. முழித்தால் பெஞ்சு. ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். மறுநாள் வந்தால் கணக்கு மாறும், ஏனென்றால் வீட்டில் சொல்லிக்கொடுத்து அனுப்புவார்கள்.

ஒருமுறை குள்ளமான ஓர் ஆள் வந்து முழித்துவிட்டார். பெஞ்சில் உட்கார வைத்துவிட்டாள். அரை மணி கழித்து அவருடைய மனைவி இரண்டு குழந்தைகளோடு வந்து சாட்சி சொன்ன பிறகுதான் அவரை விட்டாள். "அப்பவும் அந்த ஆளு ஏழெட்டு சொல்லலை" என்று வீட்டுக்கு வந்து குறைபட்டுக்கொண்டாள்.

வீடும் ஆஸ்பத்திரிதான். சமையலறையில் இரண்டு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. அப்பா காய்ச்சலில் படுத்தால் நானும் அண்ணனும் முறை வைத்துத்தான் எட்டிப் பார்ப்போம். என் கல்யாணத்தன்று பட்டுப்புடவையோடு போய்ச் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் நின்றுகொண்டு, நாற்பது நாற்பது பேராக உள்ளே விட்டாள். மாப்பிள்ளையின் சித்தப்பா நாற்பத்தோராவது ஆளாகிப்போனார். இன்றுவரை அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

அம்மா ஓய்வு பெற்ற நாலாவது மாதம், அதே ஆஸ்பத்திரியில் எனக்கு மகள் பிறந்தாள். இரண்டு வில்லைகளையும் என் கணவரும் மாமியாரும் வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள். வாசலில் அம்மாவின் இடத்துக்கு வந்த மீசைக்காரர், "உங்களுக்கென்னம்மா வில்லை? போய் பேத்தியப் பாருங்க" என்று கதவைத் திறந்திருக்கிறார். அம்மா அவரை அங்கேயே வைத்து ஒரு பிடி பிடித்திருக்கிறாள். பிறகு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். என் மாமியார் ஓர் இடத்தில் உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டார். ஐந்தே முக்காலுக்கு வில்லை அம்மாவின் கைக்கு வந்தது. உள்ளே வந்து குழந்தையைப் பார்த்தாள். "மூக்கு என்னோடது" என்றாள். அதோடு குழந்தையும் அவளுடையதாகிவிட்டது.

நான் மருந்துக்கடையில் வேலைக்குத் திரும்பியதும் வளர்த்ததெல்லாம் அம்மாதான். பாட்டி எங்கே போனாலும் பின்னாலேயே தொங்கிக்கொண்டு போனதால் பேத்திக்கு வால் என்று பெயர் வந்தது. பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு இருவரும் நிஜமாகவே சண்டை போடுவார்கள். டாக்டர் சொல்லியும் நான் கெஞ்சியும் விழுங்காத மாத்திரையை, "வாயத் திற பாட்டி" என்று வால் அதட்டினால் அம்மா சத்தம் போடாமல் விழுங்குவாள். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்திருக்கிறது.

இந்த மழைக்காலத்தில் அம்மாவின் நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. பதினாலாம் கட்டில். ஸ்ட்ரெச்சரில் வாசலைத் தாண்டும்போதே, மூச்சு வாங்க வாங்க மீசைக்காரரிடம் சொல்லிவிட்டாள்: "எம் பேரைச் சொல்லிக்கிட்டு யார் வந்தாலும் விடாத. நீ விட்டது தெரிஞ்சா எழுந்து வந்துடுவேன்." அவர் அதை நம்பினார்.

ஐந்தாம் நாள் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பார்க்க வேண்டியவர்கள் சீக்கிரம் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். எல்லோரும் பார்த்தாயிற்று. பார்க்காதது ஏழு வயது வால் மட்டும்தான். ஐந்து நாளாகப் பெஞ்சில் என் அண்ணனோடு உட்கார்ந்திருந்தாள். உள்ளே அம்மா, நான் வரும்போதெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். "சாப்பிட்டாளா?" என்பாள். பெயரைச் சொல்ல மாட்டாள்.

"டாக்டரே கூட்டிட்டு வரலாம்னுட்டாரும்மா" என்றேன்.

"டாக்டருக்கு வார்டு தெரியும். கேட்டப் பத்தி அவருக்கு என்ன தெரியும்?" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கதவைப் பெயர்த்து எறியலாம் போல இருந்தது. வால்தான் வழி சொன்னாள். "நான் கணக்கு சொல்லிட்டு உள்ள போறேம்மா." பாட்டியின் பரீட்சை அவளுக்குத் தெரியும்; மீசைக்காரரும் அதையேதான் நடத்தினார். அண்ணன் உடனே வாத்தியாராகிவிட்டான். இரண்டு நாள் பெஞ்சிலேயே பாடம் நடந்தது.

ஏழாம் நாள் தலையை வாரி, முதுகை நிமிர்த்தி, வாசலில் போய் நின்றாள். மீசைக்காரருக்கு வேர்த்துவிட்டது. "ஏழெட்டு எவ்வளவு பாப்பா?" என்றார், கெஞ்சுகிற குரலில்.

"ஐம்பத்து நாலு!" என்றாள் வால், கூடமே கேட்கிற மாதிரி.

மீசைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். வால் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"ஐம்பத்து நாலுதானே?" என்றான் அண்ணன்.

என் அண்ணன் கட்டட கான்ட்ராக்டர். இந்த ஊரில் ஒன்பது மாடிப்படிகள் அவன் கட்டியவை. அன்றிலிருந்து நான் அவற்றில் ஏறுவதில்லை. வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அவனைத் திட்டினேன். மூக்குக்கு மேல் கோபம் ஏறினாலும் உள்ளுக்குள் பயம்தான். அன்று மாலை அம்மா என் முதுகுக்குப் பின்னால் பார்க்கவில்லை. கண்ணைத் திறக்கவே சிரமப்பட்டாள். நாளை என்று ஒன்று இருக்குமா என்று தெரியவில்லை. வீட்டில் வால் வாய்ப்பாட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, மாமாவைப் பக்கத்தில் சேர்க்காமல், தானே படித்தாள்.

மறுநாள் நாலு மணிக்கு ஒரு வில்லையோடு நான் முதலில் உள்ளே போய் வாசலுக்கு இந்தப் பக்கம் நின்றேன். வால் அந்தப் பக்கம். மீசைக்காரர் வெகுநேரம் மேலே பார்த்து யோசித்தார்.

"ஆறொன்பது எவ்வளவு?"

வாலின் வாய் திறந்து, மூடிக்கொண்டது. அவளுக்கு விடை தெரியும். ஆனால் நேற்று அதே விடையைச் சொல்லித்தானே அவமானப்பட்டாள்? கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. அண்ணன் உதவி செய்ய வாயைத் திறந்தான். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

"ஐம்பத்து நாலு" என்றாள், யாருக்கும் கேட்காத குரலில்.

மீசைக்காரருக்குக் கேட்டுவிட்டது. கதவைத் திறந்து வில்லையை அவள் கையில் வைத்தார். வேண்டுமென்றேதான் அந்தக் கணக்கைக் கேட்டாரா என்று பிறகு விசாரித்தேன். மீசையைத் தடவிக்கொண்டார்.

கட்டிலருகே போனதும் வால் தயங்கினாள். அம்மா கண்ணைத் திறந்தாள்.

"யாரு விட்டது உன்னை?"

"நானே கணக்கு சொல்லிட்டு வந்தேன் பாட்டி."

"வயசு கேட்டானா?"

"கேக்கலையே."

"கேக்கணும். அவனுக்கு வேலையே தெரியலை" என்று முனகிக்கொண்டே சுவரோரமாக நகர்ந்து படுத்து, போர்வையைத் தூக்கி இடம் கொடுத்தாள்.

இரண்டு மணி நேரம் இருவரும் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆஸ்பத்திரிக் கஞ்சியைத் திட்டினார்கள். விழுந்த பல்லை ஆராய்ந்தார்கள். வால் அதட்டி மாத்திரை கொடுத்தாள். அம்மா விழுங்கினாள்.

மீசைக்காரர், "நேரமாச்சு, நேரமாச்சு" என்று கட்டில் கட்டிலாக வந்தார். கேட்டம்மா வளர்த்த பிள்ளை அல்லவா, வால் உடனே செருப்பைத் தேடி இறங்கினாள். அம்மா அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காரு. இன்னும் ஆறாகலை."

வால் எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். அவளுக்கு மணி பார்க்கத் தெரியும். "ஆறு அஞ்சு பாட்டி."

"அது வேகமா ஓடுது."

அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சட்டையைப் பிடித்த பிடியை அவள் விடவில்லை. பதினாலாம் கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்ற மீசைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"ஆமாம்மா, வேகமாத்தான் ஓடுது" என்று சொல்லிவிட்டுப் பதினைந்தாம் கட்டிலுக்குப் போனார்.