கான்பராவில் கேட்ட கேள்வி

மெல்பர்னின் மல்கிரேவில் எங்கள் அலுவலக வளாகத்தைச் சுற்றி ஒரு நடைபாதை இருக்கிறது. மதியம் சாப்பிட்டுவிட்டு அதில் நடப்பவர்களில் பாதிப் பேர் நம் ஆட்கள். பிரசன்னாவை எனக்கு அப்படித்தான் பழக்கம். சாலைகளில் மழைநீர் தேங்காமல் இருக்க வடிகால் வடிவமைத்துக் கொடுக்கும் பொறியாளர். அதிர்ந்து பேசாத மனிதர். எதிரே யாராவது ஒரு சின்னப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தால் மட்டும் பேச்சை நிறுத்திவிடுவார். அவர்கள் கடந்து போன பிறகும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். காரணம் எனக்குத் தெரியவர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

பிரசன்னா மெல்பர்னுக்கு மாணவராக வந்தவர். பகலில் வகுப்பு, மாலையில் உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை, பிறகு பி.ஆர். என்கிற நிரந்தர வசிப்புரிமை, பிறகு குடியுரிமை என்று எல்லாரும் ஏறுகிற படிகளில்தான் அவரும் ஏறினார். இடையில் திருச்சியில் கல்யாணம். ஹம்சா தில்லைநகர்ப் பெண். அங்கே ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக இருந்தவள். கீழே விழுந்து இடுப்பு முறிந்தவர்களை மறுபடி நடக்க வைத்தவள், இங்கே வந்ததும் வீட்டில் உட்கார்ந்தாள். இங்கே அந்த வேலை பார்க்கப் பதிவு வேண்டும், அதற்குத் தேர்வு எழுத வேண்டும். முதல் தேர்வை எழுதினாள். அடுத்ததற்குப் படிக்கும்போது ரிஷி வயிற்றில் இருந்தான். அவன் தவழும் வயதில் கொரோனா வந்து ஊரடங்கு போட்டார்கள். பிரசன்னா ஓர் அறையைப் பூட்டிக்கொண்டு அலுவலகக் கூட்டங்களில் பேசிக்கொண்டிருப்பார். ஹம்சா குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து, ஆளில்லாத தெருவில் போய்த் திரும்புவாள்.

ஊரடங்கு எடுத்த பிறகு தங்கை கல்யாணத்துக்கென்று ரிஷியோடு திருச்சிக்குப் போனாள். திரும்பி வருவதற்கும் டிக்கெட் எடுத்திருந்தார்கள். கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாள் ஃபோன் செய்து, "நாங்க இப்போதைக்கு வரல" என்றாள். பின்னால் விசில் ஊதும் பொம்மையோடு ரிஷி ஓடுகிற சத்தம் கேட்டது. "இப்போதைக்குன்னா?" என்று இவர் கேட்டார். "தெரியல" என்றாள்.

அந்த ஜூனில் ரிஷியைத் திருச்சியிலேயே பள்ளியில் சேர்த்துவிட்டாள். அவளும் பழைய வேலைக்குப் போக ஆரம்பித்தாள்.

பிரசன்னா போய் நின்றிருக்கலாம். போகவில்லை. முதலில் கோபம். பிறகு வக்கீல். "நீங்க அங்க போய் உட்கார்ந்து பேசினா, பையன் அங்க இருக்கறதுக்குச் சம்மதிச்ச மாதிரி ஆயிடும்" என்றார் வக்கீல். மெல்பர்னில் வழக்குப் போட்டார். குழந்தையைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று உத்தரவும் வாங்கினார். திருச்சியில் அந்தத் தாளைக் காட்டி எதுவும் செய்ய முடியவில்லை. பெற்றோரில் ஒருவர் குழந்தையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டால் திருப்பி அனுப்புவதற்கு நாடுகளுக்குள் ஒரு உடன்படிக்கை உண்டு. ஹேக் உடன்படிக்கை என்பார்கள். அதில் ஆஸ்திரேலியா இருக்கிறது, இந்தியா இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால் மட்டும் மிஞ்சியது. ரிஷி முதலில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க ஓடுவான். மின்விசிறியும் கூரையும் அவன் மூக்கும்தான் தெரியும். போகப் போக ஓட்டம் நின்றது. "சாப்பிட்டியா?" என்றால் "ம்." "ஸ்கூல் எப்படி இருக்கு?" என்றால் "நல்லா இருக்கு." இங்கிலீஷ் மெல்ல மறந்துபோனது. ஒருநாள் அவன் "அப்பா, நீ அங்கேயேதான் இருப்பியா?" என்று கேட்டான். அன்று பிரசன்னா சமைத்ததை அப்படியே ஃப்ரிட்ஜில் எடுத்து வைத்தார்.

பக்கத்து வீட்டில் சிறி இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், பஸ் ஓட்டுநர். வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "தம்பி, உங்கட எம்.பி.யிட்ட ஒருக்கா போய்க் கதைச்சுப் பாரும்" என்றவர் அவர்தான். பிரசன்னா போனார். எம்.பி. பொறுமையாகக் கேட்டார். இப்படிப்பட்ட தகப்பன், தாய் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்றார். சில மாதங்கள் கழித்து அவர் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அழைத்தாள். வியாழக்கிழமை நாடாளுமன்றத்தில் கேள்வி நேரத்தில் வெளியுறவு அமைச்சரிடம் இதைக் கேட்கப் போகிறார்கள், விரும்பினால் நேரில் வந்து பார்க்கலாம் என்றாள்.

"நீர் தனியப் போகாதேயும், நானும் வாறன்" என்று சிறி லீவு போட்டார். இருவரும் மாறி மாறிக் கார் ஓட்டிக்கொண்டு கான்பராவுக்குப் போனார்கள்.

பார்வையாளர் மாடத்தில் கைதட்டக் கூடாது, பேசக் கூடாது. ஃபோனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். கீழே பச்சை இருக்கைகளில் இரண்டு பக்கமும் மாறி மாறிச் சத்தம். மின் கட்டணத்தைப் பற்றி ஒரு கேள்வி, மருத்துவமனைகளைப் பற்றி ஒரு கேள்வி. பிறகு பிரசன்னாவின் எம்.பி. எழுந்தார்.

"என் தொகுதியில் ஒரு தந்தை இருக்கிறார். அவருடைய மகன் இங்கே பிறந்த ஆஸ்திரேலியக் குடிமகன். அந்தக் குழந்தை வெளிநாட்டுக்குக் கடத்தப்பட்டு இரண்டு வருடங்களுக்கு மேல் ஆகிறது. இத்தகைய குடும்பங்களுக்காக அரசு என்ன செய்கிறது என்று அமைச்சர் சொல்வாரா?"

கடத்தப்பட்டு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் பிரசன்னாவுக்கு யாரோ வேறொருவர் கதையைக் கேட்பது போல இருந்ததாம். சட்டத்தில் அதற்கு அதுதான் பெயர். அவருடைய மனுவிலும் அந்த வார்த்தை பத்து இடத்தில் இருந்தது. ஆனால் அத்தனை பேர் முன்னால் அதைக் கேட்டபோது, ஊருக்குக் கிளம்பிய அன்று ரிஷிக்கு ஸ்வெட்டரின் பட்டனைப் போட்டுவிட்டபடி ஏர்போர்ட்டில் நின்ற ஹம்சாதான் கண்ணுக்கு முன்னால் வந்தாள்.

அமைச்சர் எழுந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். தனிப்பட்ட குடும்பங்களின் விவரங்களைச் சபையில் பேச முடியாது என்றார். அந்த நாடு உடன்படிக்கையில் சேராததால் நம் நீதிமன்றத்தின் கை அங்கே எட்டாது. ஆனாலும் சந்திப்புகளில் இதைத் தொடர்ந்து எழுப்பி வருகிறோம். துணைத்தூதரக அதிகாரிகள் குழந்தையை நேரில் போய்ப் பார்த்து நலம் விசாரிக்க முயல்வார்கள் என்றார். முடிக்கும்போது மாடத்தை நிமிர்ந்து பார்த்து, "அந்தத் தந்தை இன்று இங்கே இருக்கிறார் என்று அறிகிறேன். உங்கள் மகனை இந்த நாடு மறக்கவில்லை" என்றார். இரண்டு பக்கமும் ஆமோதித்து முனகினார்கள். பிரசன்னாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

உடனே அடுத்த கேள்வி. யாரோ ஏதோ கிண்டலாகச் சொன்னார்கள். கீழே எல்லாரும் சிரித்தார்கள்.

வெளியே வந்து புல்வெளிச் சரிவில் உட்கார்ந்தார்கள். "நல்லாத்தான் சொன்னார், இல்ல அண்ணே?" என்று பிரசன்னா கேட்டார்.

"ஓம், நல்ல மனுசன் போலத்தான் கிடக்கு." சிறி ஒரு புல்லைக் கிள்ளி எறிந்தார். "எங்கட அண்ணன் மாதிரிச் சண்டையில காணாமல் போனவையைப் பற்றியும் வேற வேற நாட்டுப் பார்லிமென்ட்டுகளில கேட்டவை. எல்லா மந்திரியும் நல்லாத்தான் பதில் சொன்னவை. அம்மா சாகும் மட்டும் அதையெல்லாம் ரேடியோவில இருந்து கேட்டவ." பிறகு பிரசன்னாவின் தோளில் கை வைத்தார். "எனக்குப் போய்க் கேக்கிறதுக்கு ஒரு வீடு இல்லை, தம்பி. உமக்கு இருக்கு. விலாசம் தெரியும். கதவும் தெரியும்."

திரும்பி வரும்போது சிறியே கார் ஓட்டினார்.

கேள்வியும் பதிலும் வீடியோவாக வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. யாரோ அதற்கு, "தாயே கடத்திய சிறுவன்: ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தில் கண்ணீர்" என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். திருச்சிக்குப் போய்ச் சேர அதிக நேரம் ஆகவில்லை. அந்த ஞாயிறு ஹம்சா அழைப்பை எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறும் எடுக்கவில்லை. அதுவரை வாரம் ஒருமுறை பார்த்த முகமும் போயிற்று. நடைபாதையில் எங்களோடு வருவதை அவர் நிறுத்தியது அப்போதுதான். மதியம் காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காரில் இருந்தபோது ஹம்சாவே அழைத்தாள்.

"நேத்து சென்னையிலருந்து துணைத்தூதரகத்து அதிகாரியாம், ஒரு அம்மா வந்தாங்க. ரிஷி நல்லா இருக்கானான்னு பார்க்கணும்னாங்க. உட்கார வச்சுக் காபி கொடுத்தேன். அவன் எங்க தூங்குறான், என்ன சாப்பிடுறான்னு கேட்டாங்க. எங்க அப்பா முன்னாடி எல்லாத்துக்கும் பதில் சொன்னேன்."

"ஹம்சா, அந்த வார்த்தைய நான்..."

"நான் பேசி முடிச்சிடறேன். அந்த வீடியோவ எங்க ஆஸ்பத்திரில எல்லாரும் பார்த்துட்டாங்க. என்கிட்ட நடக்கப் பழகுற ஒரு பாட்டி, 'அது நீயாம்மா?'ன்னு கேட்டாங்க." அவள் குரல் உடைந்தது. "வக்கீல்கிட்ட கேட்டீங்க. கோர்ட்ல கேட்டீங்க. எம்.பி.கிட்ட, மந்திரிகிட்ட, உலகத்துக்கே கேட்கற மாதிரி கேட்டீங்க. ஏன் வரலன்னு என்கிட்ட ஒரு தடவை கேட்டிருக்கலாமே?"

பிரசன்னா கேட்டதில்லை என்பது உண்மைதான். எப்போது வருவாய் என்று கேட்டிருக்கிறார். எவ்வளவு தைரியம் என்று கேட்டிருக்கிறார். அதை மட்டும் கேட்டதில்லை.

"இப்ப கேட்கறேன்" என்றார்.

"ஃபோன்ல வேண்டாம்" என்று வைத்துவிட்டாள்.

வக்கீல் போக வேண்டாம் என்றார். வழக்கே பலவீனமாகிவிடும் என்றார். அந்த வார இறுதியிலேயே சிங்கப்பூர் வழியாகத் திருச்சிக்குப் பறந்தார் பிரசன்னா. தில்லைநகர் வீட்டுக் கதவை மாமனார்தான் திறந்தார். "வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் டிவியை நிறுத்தினார்.

ரிஷி பள்ளிச் சீருடையில் இருந்தான். ஃபோனில் பார்த்ததைவிட ஒரு தலை உயரம் கூடியிருந்தான். பக்கத்தில் வரவில்லை. நாற்காலிக்குப் பின்னால் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "நீ ஃபோன்ல குண்டா தெரிவ" என்றான்.

ஹம்சா மொட்டைமாடிக்கு வரச் சொன்னாள். அவர் கேட்டார். அவள் சொன்னாள். அந்த ஊரடங்கில், நாள் முழுக்க அவர் அறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, உள்ளே அவர் வேறு யாருடனோ சிரித்துப் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்ததைச் சொன்னாள். "எனக்கு இங்க முடியல" என்று அவள் அழுத ராத்திரி, அவர் லேப்டாப்பைத் திறந்து, அடுத்த வருஷம் வாங்கப்போகிற வீட்டின் படத்தைக் காட்டியதைச் சொன்னாள்.

"நல்ல வீடுதான். அதுல நான் எங்க இருப்பேன்னு எனக்குத் தெரியல."

"நீ சொல்லியிருந்தா..."

"சொன்னேங்க."

ஆமாம், சொல்லித்தான் இருக்கிறாள். அதை அந்த மாடியில் வைத்துத்தான் உணர்ந்ததாக என்னிடம் சொன்னார். கீழே தெருவில் பள்ளி வேன்கள் போய்க்கொண்டிருந்தன. மன்னிப்புக் கேட்டார். அவளும் கேட்டாள். டிக்கெட்டை எடுக்க வைத்துவிட்டு வராமல் இருந்தது தப்புதான், முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை என்றாள்.

"திரும்பி வருவியா?"

"மாட்டேன். அங்க மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்க என்கிட்ட தெம்பு இல்ல. ஆனா ரிஷி உங்ககிட்ட வரக் கூடாதுன்னு நான் என்னைக்கும் சொல்லல. நீங்க கேட்டிருந்தா அனுப்பியிருப்பேன்."

மெல்பர்ன் திரும்பியதும் குழந்தையைத் திருப்பி அனுப்பச் சொன்ன அந்த உத்தரவை ரத்து செய்ய மனு போட்டார். எம்.பி. அலுவலகத்துப் பெண், அவர் மகனைப் பார்த்துவிட்டு வந்தது தெரிந்து மகிழ்ச்சியோடு அழைத்து, மகனோடு ஒரு படம் கிடைக்குமா என்று கேட்டாள். நன்றி சொல்லிவிட்டு மறுத்துவிட்டார்.

மே மாத விடுமுறைக்கு அவரே போய் ரிஷியை அழைத்து வந்தார். திருச்சி வெயிலிலிருந்து வந்தவன், இங்கத்திய குளிரில் வாயிலிருந்து புகை வருவதைப் பார்த்துக் காலை முழுக்க வாசலில் நின்று ஊதிக்கொண்டிருந்தான். சிறி அவனைப் பஸ்ஸில் முன் இருக்கையில் உட்கார வைத்துச் சுற்றிக் காட்டினார். முதல் சில நாள் ராத்திரியில் அம்மாவைத் தேடி அழுதான். பிரசன்னா ஃபோன் போட்டுக் கொடுத்துவிட்டு அறைக்கு வெளியே நிற்பார். ஹம்சா அந்தப் பக்கம் மெதுவாகப் பாடித் தூங்க வைப்பாள். பிள்ளை தூங்கிய பிறகும் இணைப்பைத் துண்டிக்க இவருக்கு மனம் வராது. அவளும் சில நேரம் துண்டிக்க மாட்டாள்.

பள்ளி திறக்கும் முன் திருச்சிக்குக் கொண்டுபோய் விட்டார். ஏர்போர்ட்டில் ரிஷி அம்மாவிடம் ஓடினான். பாதி வழியில் நின்று, திரும்பி வந்து இவர் இடுப்பைக் கட்டிக்கொண்டான், மறுபடியும் ஓடினான்.

இப்போது பிரசன்னா மறுபடி எங்களோடு நடக்க வருகிறார். அவர்கள் பிரிந்துவிடவில்லை, சேர்ந்துவிடவும் இல்லை. சிறுவர்கள் எதிரே வந்தால் இப்போதும் அவர் பேச்சு நின்றுபோகிறது. போன வாரம் நடக்கும்போது ஃபோனை எடுத்துக் காட்டினார். ஹம்சா ஒரு விளம்பரத்தை அனுப்பியிருந்தாள். திருச்சியில் ஒரு நிறுவனத்துக்கு மழைநீர் வடிகால் தெரிந்த பொறியாளர் வேண்டுமாம். அதோடு ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

"என்ன பதில் போட்டீங்க?" என்று கேட்டேன்.

"முதல்ல 'ரொம்ப தேங்க்ஸ்'னு அடிச்சேன். அழிச்சுட்டேன். அப்புறம் 'நான் வரணும்னு நினைக்கிறியா?'ன்னு கேட்டேன்." ஃபோனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "பார்த்துட்டா. இன்னும் பதில் வரல."

நடைபாதையின் இன்னொரு சுற்றையும் நடந்துவிட்டு அலுவலகத்துக்குள் போனோம்.