நான் வேளாண்மையைக் கண்டுபிடித்த நாள்

உலகத்தில் வேளாண்மையைக் கண்டுபிடித்தது நான்தான். சிரிக்காதீர்கள். களுவாஞ்சிக்குடியில் எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில், ஊர்ச்சனம் முழுக்கப் பார்த்திருக்க, என் குதிக்காலால்தான் அது நடந்தது.

ஐந்தாம் வகுப்பில் ‘ஆதிமனிதர் வாழ்வு’ என்று ஒரு நாடகம் போட்டோம். வேட்டைக்காரருக்கு ஈட்டியும், புலித்தோல் என்று மஞ்சள் பெயின்ட் அடித்த சாக்கும். கடைசிக் காட்சியில் வரும் முதல் கமக்காரருக்கு மண்வெட்டி, தலைப்பாகை, பாட்டு. ஆதிமனிதனுக்குத் தலைப்பாகை எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்குக் கிடைத்தது நடுவில் கிழங்கு பொறுக்குகிறவளின் வேடம். வரவேண்டும், தோண்டவேண்டும், போய்விடவேண்டும். வசனம் கிடையாது. ஒரு வசனமாவது பேசாவிட்டால் செத்துவிடலாம் போல இருந்தது.

“நான் நடிக்கமாட்டன்” என்று வீட்டில் விழுந்து புரண்டு அழுதேன். “மரவள்ளிக் கிழங்கைத் தூக்கிக்கிட்டு சும்மா போகட்டாம்!”

என் அம்மா அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். சேலை மடிப்புக் கலையாதவர். சந்தையில் வாங்கிய கீரையைக்கூட உப்புத் தண்ணீரில் ஊறவைக்காமல் தொடமாட்டார். அவர்தான் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

“மரவள்ளியா? அது பறங்கியர் கொண்டுவந்ததெல்லோ. ஆதிமனிசருக்கு அது எங்கால? சனிக்கிழமை வெளிக்கிடு, காட்டிறன்.”

சனிக்கிழமை வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போனோம். வயல் வட்டை முடிகிற இடத்தில் ஒரு குளம். தண்ணீர் வற்றி, அல்லி மாதிரியான ஒல்லிக் கொடியின் பூவும் இலையுமாகக் கிடந்தது. அம்மா சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினார். யாராவது பார்க்கிறார்களா என்று எனக்கு மானம் போனது. அவரோ ஒல்லித் தண்டைப் பிடித்துக்கொண்டு, கால்விரலால் சேற்றைத் துழாவி, குனிந்து, கறுத்த உருண்டைக் கிழங்குகளை அள்ளி அள்ளி எடுத்தார். அப்பாடா, என்ன வேகம்! ஒவ்வொரு பிடியிலும் சின்னதுகளை மட்டும் திரும்பச் சேற்றில் போட்டுக் குதிக்காலால் அமத்தினார்.

“ஏன்மா திரும்பப் போடுறீங்க?”

“பின்னால வாறாக்களுக்கு வேணாமா மகள்?”

திரும்பிப் பார்த்தேன். ஓர் எருமை மட்டும் நின்றது.

வீட்டில் அவித்து, தோல் உரித்து, தேங்காய்ப்பூவோடு வயிறு முட்டத் தின்றேன். அம்மா ஒன்றுகூடத் தொடவில்லை. அந்த மெல்லிய கசப்பு அவருக்குப் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

நாடகத்தன்று மேடை மூலையில் குவித்திருந்த சேற்றுக்குள் என் ஒல்லிக் கிழங்குகளை முதலே புதைத்துவைத்தேன். என் முறை வந்தது. தோண்டவில்லை, கால்விரலால் துழாவினேன். சனம் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தது. பெரியதைப் பெட்டியில் போட்டேன், சின்னதைச் சேற்றில் விட்டு அமத்தினேன். “காணும், வா புள்ள!” என்று டீச்சர் திரைக்குப் பின்னாலிருந்து பல்லைக் கடித்தார். கமக்காரப் பெடியன்கள் மண்வெட்டியோடு அங்கே முண்டியடித்தார்கள். நான் அசைந்தால்தானே!

முன்வரிசையில் இருந்த பிரதம விருந்தினருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஏன் மகள் அதைத் திருப்பிப் புதைக்கிற?” என்று கேட்டார்.

ஆகா, வசனம்! “பின்னால வாறாக்களுக்கு சேர்!” என்று உரக்கச் சொல்லி, திரைப்பக்கம் கையை நீட்டினேன்.

கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. அந்த மனுசன் பேச்சில், “வேட்டைக்காரர் இண்டைய சாப்பாட்டைத்தான் பார்த்தவங்க. இந்தப் புள்ள அமத்தின கிழங்குதான் முதல் விதைப்பு” என்று சொல்லிவிட்டார். தலைப்பாகைக்காரர் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும் நீங்கள்! பெருமையில் எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. அம்மாவைத் தேடினேன். எல்லோரும் தட்டிக்கொண்டிருக்க, அவர் மட்டும் சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். மகளை நினைத்துப் பூரித்து அழுகிறார் என்று நான் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன்.

அந்தக் குளத்தின் கதையை நான் வளர்ந்த பிறகுதான் அம்மா சொன்னார். நாடகம் போட்ட அந்த என் வயதில் அம்மாவின் குடும்பம் சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடி, ஒரு கோடை முழுக்க அதன் கரையில்தான் கிடந்தார்களாம். அரிசி முடிந்த பிறகு ஒல்லிக் கிழங்குதான் சோறு. “நீங்க முன்னால போங்க, மாட்டை அவிட்டு விட்டுட்டு நான் பின்னால வாறன்” என்று சொல்லி ஊரிலேயே நின்றவர் அம்மாவின் அண்ணன், எங்கள் வீட்டில் படமாக மட்டும் இருக்கும் மாமா. அவர் பசியோடு வருவார் என்றுதான் அம்மா ஒவ்வொரு நாளும் சின்னதுகளைச் சேற்றில் அமத்தி வைத்திருக்கிறார்.

இன்றைக்கும் வேளாண்மையைக் கண்டுபிடித்தது எங்கள் குடும்பம்தான் என்று யாரிடமும் அடித்துச் சொல்வேன். ஆனால் அன்று மேடையில் நான் கை நீட்டிய பக்கம் எனக்குத் தெரிந்தது தலைப்பாகை கட்டிய பெடியன்கள் மட்டும்தான்.